அப்பாவின் வெள்ளையணுக்கள்

என் அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் என் சித்தப்பா. அண்ணன் உடம்பின் மேல் தம்பிக்கு இருக்கும் உரிமையும், கையில் ஒரு செல்போனும் இருந்ததால், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்து முடித்துவிட்டார்.

அப்பா வேலை பார்க்கும் பஞ்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இந்த முறை அப்பாவுக்கு எல்லாமே ஒழுங்காக இருந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர. வெள்ளையணுக்கள் பதினைந்தாயிரம். பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, தலையில் ஒரு நட்சத்திரக் குறியும் வைத்திருந்தார்கள்.

"நாலாயிரம் ஜாஸ்தி அண்ணி," என்றார் சித்தப்பா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "கம்ப்ரஸர்ல பிரஷர் இப்படி ஏறுச்சுன்னா, வீட்ல இருக்கிறவங்களை வெளிய போகச் சொல்லிட்டுத்தான் நான் கை வைப்பேன்."

"ஐயோ, வெடிச்சிடுமா?" என்றாள் அம்மா.

"வெடிக்காது. வெள்ளையணு பெருகிப் பெருகி சிவப்பணுவைத் தின்னும். போன்ல படம் போட்டே காட்டுறான், பாருங்க."

அம்மா படத்தைப் பார்த்தாள். உருண்டையாக, ரோமம் முளைத்த மாதிரி, என்னவோ ஒன்று எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எதிர் நாற்காலியில் அது தன் இரத்தமே இல்லை என்பதுபோல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. இரண்டு பைகள் நிறைய மாதுளம்பழமும் பீட்ரூட்டும். அத்தையின் மருத்துவ சாஸ்திரம் ரொம்ப எளிது: உடம்பில் வெள்ளை ஜாஸ்தியானால் வெள்ளையாக எதையும் உள்ளே விடக் கூடாது, சிவப்பாக இருப்பதை எல்லாம் உள்ளே தள்ள வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் நின்றது, தயிர் நின்றது, சர்க்கரை நின்றது. முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை எனக்கும் மஞ்சள் கருவை அப்பாவுக்கும் வைத்தாள். மஞ்சள் சிவப்புக்குச் சொந்தக்காரனாம். அப்பா காலையில் பீட்ரூட் சாறு குடித்துவிட்டு சிரிக்கும்போது, இப்போதுதான் யாரையோ கடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

இதையெல்லாம் நான் தூர நின்று ரசித்துக்கொண்டிருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம், என் பிழைப்பும் அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் போய் மாட்டிக்கொண்டதுதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு என்னை எடுத்திருந்தார்கள். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைக்கும் அந்த ராட்சதக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. கம்ப்யூட்டரில் பொம்மைக் கிரேனை ஓட்டவைத்துத் தேர்வு நடத்தினார்கள். நான் ஒரு பெட்டியைக்கூட இடிக்காமல் இறக்கினேன். வாழ்க்கையில் எனக்கு நன்றாக வந்த முதல் காரியம் அது. துறைமுகம் இருந்தது வேறு ஊரில், பதினாறு மணி நேரப் பயணம். குறிப்பிட்ட திங்கட்கிழமை காலையில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படிக் காத்திருந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள்.

"அப்பன் இப்படிக் கிடக்கும்போது, பொண்ணு போய் கிரேன் ஓட்டப் போறாளாம்," என்றாள் அத்தை, பீட்ரூட்டைத் துருவிக்கொண்டே. 'கிடக்கும்' அப்பா அப்போது டி.வி.யில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஞ்சாலையின் தீத்தடுப்பு அதிகாரி. பஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு தீப்பொறி போதும், மொத்த ஆலையும் போய்விடும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போது வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் பையையும் தடவிப் பார்ப்பார். சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எது இருந்தாலும் பிடுங்கித் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். பஞ்சாலையில் அவருக்கு 'மணல்வாளி' என்று பேர். சுவரில் வரிசையாகத் தொங்குமே, சிவப்பு வாளி, அதிலிருந்து வந்தது. அவருக்கு அதில் ஏகப் பெருமை.

பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இளமையில் அப்பா ஊதித் தள்ளியவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் விட்டுவிட்டார். விடவைத்தவள் அம்மா. எப்படி என்று கேட்டால் அம்மா அரைமணி நேரம் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். தெருவில் எந்தப் பெண்ணின் புருஷன் புகைத்தாலும், அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் யோசனை கேட்டுவிட்டுப் போவாள். பெரிய வேலையோ, படிப்போ, நகையோ வைத்து அம்மா பேர் வாங்கவில்லை. அவள் வாங்கிய பேர் இது ஒன்றுதான்.

இரத்த நோய்களுக்கான டாக்டரம்மாவிடம் போனோம். அப்பா, அம்மா, நான், கூடவே சித்தப்பா. டாக்டரம்மாவுக்கு என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். தாளைப் பார்த்தார், அப்பாவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினார், கழுத்திலும் அக்குளிலும் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவினார். அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் பையைத் தடவியவர். தன்னை ஒருவர் தடவியது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"தீத்தடுப்பு," என்றாள் அம்மா.

"அப்போ உங்களுக்குச் சுலபமாப் புரியும். வெள்ளையணுங்கிறது உடம்போட காவல் படை. கூடியிருக்குன்னா அலாரம் அடிக்குதுன்னு அர்த்தம். அலாரம் அடிச்சா வீடு எரியுதுன்னு அர்த்தம் இல்ல. எங்கிருந்து வருதுன்னு தேடணும். எங்கயாவது கிருமி இருக்கலாம், பல்லுல சீழ் இருக்கலாம், அலர்ஜியா இருக்கலாம். சில மாத்திரை சாப்பிட்டாலும் கூடும், ஸ்டீராய்டு மாதிரி. ரொம்ப மனஉளைச்சல் இருந்தாலும் கூடும். எதுவுமே இல்லைன்னாதான் எலும்பு மஜ்ஜையில, அதாவது இரத்தம் ஊறுற இடத்துலயே கோளாறான்னு பாக்கணும்."

"அதான் டாக்டர், அதான்," என்றார் சித்தப்பா, பரீட்சையில் தனக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்டவர் மாதிரி.

"அது கடைசி. இப்போ ஒண்ணொண்ணாக் கேக்குறேன். காய்ச்சல்?"

"இல்ல," என்றாள் அம்மா.

"எடை குறைஞ்சுதா?"

"எங்க குறையுது? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கோம், வெளிப்பக்கம்."

"பல்வலி, தோல்ல அரிப்பு, ஏதாவது மாத்திரை?"

"எதுவும் இல்ல டாக்டர்."

"சிகரெட்?"

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "விட்டு ஏழு வருஷமாச்சு. நான்தான் விடவெச்சேன்."

"நல்லது. ஏன் கேக்குறேன்னா, புகை பிடிக்கிறவங்களுக்கு வேற நோயே இல்லாமலும் இந்த அளவுக்குக் கூடி நிக்கும். புகை உள்ள போகப் போக உடம்பு அதை எதிரின்னு நினைச்சு ஆளைக் கூட்டிக்கிட்டே இருக்கும். சார், நீங்க சொல்லுங்க. இப்போ அறவே இல்லைதானே?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "அதான் அவளே சொல்லிட்டாளே," என்றார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அதே பதினைந்தாயிரம், கொசுறாக முந்நூறு. கிருமி இல்லை, பல் சுத்தம், சளி இல்லை. வரும் வெள்ளிக்கிழமை இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. முடிவு வரப் பத்து நாளைக்கு மேல் ஆகும். என் திங்கட்கிழமை அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை.

வீட்டில் குடும்பக் கூட்டம் நடந்தது. தலைமை சித்தப்பா. என் விஷயம் இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. போன் பண்ணி வர முடியாது என்று சொல்லிவிட வேண்டும். ஒருத்தி அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், ஒருத்தி அம்மாவுக்குத் துணையாக இருக்க வேண்டும். அந்த இரண்டு ஒருத்தியும் நான்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க, சொல்றேன்," என்றேன்.

"கல்நெஞ்சுக்காரி," என்றாள் அத்தை, என் காதுபடவே.

அப்பா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த நாட்களில் அவர் நன்றாகப் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகுக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாக இரண்டு தலையணை. வீட்டு ரிமோட் அவர் கையில். பத்து வருஷமாகப் பேசாத ஒன்றுவிட்ட மச்சான் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். நோய் என்று ஒன்று இவ்வளவு மரியாதையோடு வரும் என்று தெரிந்திருந்தால், அப்பா முன்பே வரவழைத்திருப்பார்.

ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரம் வந்தால் மட்டும் தலையணைகளைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். லீவில் இருந்தும் பஞ்சாலைக்குப் போவார். "நான் இல்லைன்னா அங்க கொளுத்திடுவானுங்க," என்பார். இந்த நிலைமையிலும் கடமையைப் பார் என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஊசிக்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி, உடனே அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா போனை எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஞ்சாலைக்குப் போனேன்.

ஷிஃப்ட் மாறும் நேரம். வாசலில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலையில் அப்பா, கையில் தகரப் பெட்டி. நான் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, கேட் காவலாளிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் புது ஆள், என்னைத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அவர் முன்னால் வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, டிக்கெட் கொடுப்பதுபோல நீட்டினார்கள். அப்பா அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, சோதனை என்ற பேருக்குத் தோளில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். ஆள் உள்ளே போனான். ஒருவன் இரண்டு நீட்டினான். அவனுக்கு அந்தத் தட்டுகூட இல்லை, புன்னகையோடு வழிவிட்டார்.

"என்னங்க இது?" என்றேன் காவலாளியிடம்.

"சோதனைம்மா. ரொம்பக் கண்டிப்பு," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "ஆளுக்கு ஒண்ணு மணல்வாளிக்குன்னு தனியாக் கொண்டாந்துடுவாங்க. அதைக் குடுத்துட்டா இடுப்புக்குக் கீழ தடவ மாட்டார். பாக்கெட்டு சாக்ஸுக்குள்ள பத்திரமா உள்ள போயிடும். உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டிருக்கார் பாவம், ஆனாலும் வசூலுக்கு மட்டும் தவறாம வந்துடுறார்."

வரிசை முடிந்தது. அப்பா பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பம்ப் அறைக்குப் பின்னால் நடந்தார். நானும் நடந்தேன்.

சுவரோரம் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மணல் நிறைந்த இன்னொரு வாளி. பக்கத்தில் தீயணைப்பான், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை உயர்த்திப் பார்த்தார். பிறகு பற்றவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பாதுகாப்பு விதிகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை.

"அப்பா."

சிகரெட் மணலுக்குள் போன வேகம் இருக்கிறதே, அந்த வேகத்தில் தீயை அணைத்தால் அவருக்கு மெடல் கொடுக்கலாம்.

"பறிமுதல் பண்ணினதை அழிச்சாகணும்மா," என்றார், எழுந்து நின்று. "அது ரூல்ஸ்."

"இப்படி ஒண்ணொண்ணாவா அழிப்பாங்க?"

அப்பா பெட்டியை மூடினார். நான் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அப்பாவுக்கு நோய் இல்லை என்ற நினைப்பே அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. நான் வெளியே எவ்வளவு கேலி பேசினாலும், ஒரு மாதமாக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். கண்ணில் நீர் முட்டியது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வாங்கப்பா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடலாம். ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லக் கூடாது."

"என்னது?"

"உங்கம்மா தாங்க மாட்டா. ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கா. இப்போ போய் இல்லைன்னா அவ எப்படித் தெருவுல நடப்பா? ஊசிதானே, குத்தட்டும். உள்ள ஒண்ணும் இருக்காது. நல்ல ரிசல்ட்டு வரும். எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. அப்புறம் நான் உண்மையாவே விட்டுடுறேன்."

"ரிசல்ட்டு வரப் பத்து நாள் ஆகும்பா. எனக்குத் திங்கட்கிழமை."

அப்பா தரையைப் பார்த்தார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். யோசித்துத்தான் சொன்னார்.

"அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்கல்ல?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அந்தத் தேர்வில் நான் ஜெயித்த அன்று இதே மனிதர் என் தலையில் கை வைத்து, என் பொண்ணு ஆகாசத்துல உக்காந்து வேலை பாக்கப் போறா என்று தெருவையே கூட்டியவர். இப்போது அவருடைய தகரப் பெட்டி ஒரு பக்கமும் என் கண்ணாடிக் கூண்டு ஒரு பக்கமுமாகத் தராசில் இருந்தன. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. நீங்களே சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு, பாக்கி இருந்த சோதனைக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் சொல்லவில்லை. அன்று ராத்திரி அத்தை செய்த சிவப்பு சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். வெள்ளிக்கிழமை காரில் போகும்போதும் சொல்லவில்லை. சித்தப்பா வழி முழுக்க எலும்பு மஜ்ஜையைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார், ஃபிரிட்ஜில் கேஸ் ஏற்றும் குழாயை உவமையாக வைத்து.

ஆஸ்பத்திரியில் அப்பாவை நீல அங்கி போட்டுக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மாவையும் என்னையும் ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிட்டார் டாக்டரம்மா. கையுறை போட்டிருந்தார். தட்டில் ஊசி இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஒருதடவை கேட்டுடுறேன் சார். தேவையில்லாம யார் எலும்பையும் குத்துறதுல எனக்கு ஆசை இல்ல. மாத்திரை, மருந்து, பொடி, சிகரெட், எதுவுமே இல்லைதானே?"

"இல்ல டாக்டர்," என்றாள் அம்மா. "ஏழு வருஷமா..."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார்.

"தினமும் சிகரெட் குடிக்கிறார் டாக்டர்," என்றேன். "ரெண்டு நாள் முன்னாடி என் கண்ணாலயே பார்த்தேன்."

அம்மாவின் கை என் கையை விட்டது. டாக்டரம்மா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"எத்தனை சார்? ஒரு நாளைக்கு?"

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. "அது... ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்கங்கிறதைப் பொறுத்தது."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை; சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் மட்டும்தான் பார்த்தேன். பிறகு நிஜமாகவே கோபித்தார். இன்றோடு நிறுத்த வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரண்டு மாதம் கழித்து எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இறங்காவிட்டால் அப்போது இந்த ஊசி. "பொய் சொல்றதா இருந்தா எங்கிட்ட வராதீங்க. அந்தத் தம்பிகிட்டயே வைத்தியம் பாத்துக்கோங்க," என்று வெளியே நின்ற சித்தப்பாவைக் காட்டினார்.

வீட்டில் நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். சாகப்போகிறவர் என்று ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர் சாகவில்லை என்று தெரிந்ததும், ஒருவர் முகத்திலும் வெளிச்சம் இல்லை. சித்தப்பா ஊர் முழுக்கப் போன் போட்டுப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்; இப்போது எல்லோரிடமும் போய், சும்மா புகைதான் என்று சொல்ல வேண்டும். "அவ்வளவுதானா?" என்றாள் அத்தை. துருவி வைத்திருந்த பீட்ரூட்டைப் பார்த்த பார்வை, ஏமாந்துபோன பார்வை. அப்பாவின் இரண்டாவது தலையணை அன்றே போய்விட்டது. ரிமோட்டும் போய்விட்டது.

ஆனால் குற்றவாளி அவர் இல்லை. நான்தான்.

"பெத்த அப்பன் மானத்தை ஆஸ்பத்திரியில வெச்சா வாங்குவே?" என்றாள் அத்தை. "தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

"அவளுக்கு அவ கிரேன்தான் பெருசு," என்றார் சித்தப்பா.

அப்பா என்னிடம் பேசவில்லை. எண்ணிக்கை அவருக்குக் கூடியதற்கும் நானே காரணம் என்பதுபோல நடமாடினார். எனக்கு அவர்மேல் பரிதாபமே வரவில்லை. பரிதாபம் முழுக்க அம்மாமேல்தான் வந்தது. எல்லோர் முன்னாலும் அவளுடைய ஒரே பெருமையைப் பிடுங்கி எறிந்தவள் நான். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டியபோது, தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பஸ். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஒரு சட்டையை நான்கு தடவை மடித்தேன்.

"அம்மா, மன்னிச்சுடும்மா. உனக்குத் தெரியாம ஏமாத்திட்டு இருந்தார், அதை நான் அப்படிப் பட்டுன்னு உடைச்சிருக்கக் கூடாது."

"எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா?"

நான் சட்டையைக் கீழே வைத்தேன்.

"அந்தாளு துணியைத் துவைக்கிறது யாரு? எனக்கு மூக்கு இல்லையா?" என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "விட்டதா சொன்னாரே, ரெண்டே மாசம்தான் விட்டிருந்தார். அதுக்குள்ள நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் விட்ட மாதிரி நடிச்சார், நானும் நம்புற மாதிரி நடிச்சேன். ஏழு வருஷமா ஓடிட்டு இருக்கு."

"அப்போ டாக்டர் முதல் நாளே சொன்னாங்களே, சிகரெட்டாலயும் கூடும்னு..."

"அப்பவே புரிஞ்சுது, இதான் விஷயம்னு."

"புரிஞ்சும் இல்லைன்னு சொன்னியா? ஊசி குத்த இருந்தாங்கம்மா. எலும்புல!"

"குத்தினா ரெண்டு நாள் வலிக்கும். அவருக்கு வலிக்கட்டுமே." அம்மா நான் மடித்த சட்டையை எடுத்து, பிரித்து, சரியாக மடித்தாள். "நீ இங்க இருந்திருப்பே."

கோபம் வந்தது. இவ்வளவு நேரமும் பரிதாபப்பட்டதற்குச் சேர்த்து வந்தது. என் திங்கட்கிழமையை அப்பா பயத்தால் விற்கப் பார்த்தார். இவள் யோசித்து, திட்டம் போட்டு, வாயைத் திறக்காமல் விற்கப் பார்த்திருக்கிறாள். கத்த வேண்டும் என்று திரும்பினேன்.

"நீ போயிட்டா நானும் அவரும்தான்," என்றாள். "சாப்பாட்டு மேஜையில எதிரும் புதிருமா. அவர் ஒரு பொய் சொல்வார், நான் சரின்னு தலையாட்டுவேன். நடுவுல நீ உக்காந்து ஏதாவது கிண்டல் பண்ணிட்டு இருந்தா, அது ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். நீ இல்லைன்னா அது என்னன்னு எனக்கு நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு."

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதும் போகாதே என்று அவள் கேட்கவில்லை.

"நான் போகாம இருக்க முடியாதும்மா," என்றேன்.

"தெரியும்."

கூடத்தில் அப்பா இருமினார். டி.வி.யின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். அம்மா கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க உனக்குக் குடுக்கிற ரூம் எவ்வளவு பெருசு?"

"சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு அலமாரி."

"கட்டிலுக்குக் கீழ?"

"என்ன கட்டிலுக்குக் கீழ?"

"தரையில ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமான்னு கேட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"இருக்கும்மா," என்றேன்.

அம்மா எழுந்தாள். நான் பெட்டிக்குள் வைத்திருந்த சின்னப் போர்வையை வெளியே எடுத்துப் போட்டாள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து இரண்டு பேருக்கான பெரிய போர்வையை இறக்கி, உதறி, மடித்து உள்ளே வைத்தாள். பெட்டி மூடவில்லை. இருவரும் மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தினோம்.